காசு தீர்ந்த பிறகு

1810 செப்டம்பர் 28 அன்று, இன்று தென் லண்டனில் உள்ள மோர்டனில் ஆபிரகாம் கோல்ட்ஸ்மிட் என்ற செல்வந்தர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். ஆம்ஸ்டர்டாமிலிருந்து குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவர். அண்ணன் பெஞ்சமினுடன் தரகுத் தொழிலில் இறங்கி, நெப்போலியனோடு போர் நடந்த காலத்தில் அரசாங்கத்துக்கே கடன் திரட்டிக் கொடுக்கும் உயரத்துக்குப் போனவர். அந்த ஆண்டு பேரிங் நிறுவனத்தோடு சேர்ந்து 1 கோடியே 40 லட்சம் பவுண் அரசுக் கடனுக்குப் பொறுப்பேற்றார். பத்திரங்களின் விலை இறங்கியது. செப்டம்பர் 11 அன்று கூட்டாளி சர் பிரான்சிஸ் பேரிங் இறந்துபோனார். விலை இன்னும் சரிந்தது. அடுத்த பதினேழு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

கோல்ட்ஸ்மிட் வீட்டாருக்கு நெருங்கிய சினேகிதி ஒருவர் பக்கத்து மெர்டனில் வாழ்ந்திருந்தார். எம்மா ஹாமில்டன், கடற்படைத் தளபதி நெல்சனின் காதலி. 1801 இல் நெல்சன் அங்கே மெர்டன் பிளேஸ் என்ற வீட்டை வாங்கினார். 1805 இல் டிரஃபால்கரில் சாவதற்கு முன், எம்மாவை அரசரும் நாடும் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதிவைத்தார். நாடு நெல்சனின் தமையனாருக்குப் பட்டமும் ஆண்டுக்கு 5,000 பவுணும் கொடுத்தது. எம்மாவுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அது அநியாயம்தான். ஆனாலும் அவரிடம் வீடு இருந்தது, ஆண்டு வருமானம் இருந்தது. விருந்தும் விருந்தாளியும் இல்லாத ஒரு வீட்டை நடத்த அவருக்கு மனம் வரவில்லை. 1809 இல் வீடு கைமாறியது. வாங்கியது கோல்ட்ஸ்மிட் குடும்பம். 1813 இல் கடனுக்காகச் சிறை. அங்கிருந்து விடுபட்டதும் கடல் கடந்து பிரான்சின் கலே நகருக்கு ஓட்டம். 1815 ஜனவரியில் அங்கேயே சாவு.

மோர்டனில் ஒற்றை அறை எடுத்து வாழும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெரிய மனிதர்களின் கதை எதற்கு என்று கேட்கலாம். தொகை வேறு, நோய் ஒன்று. இருக்கிறது என்று மற்றவர் நம்பிக்கொண்டிருக்க, இல்லை என்ற செய்தியை நெஞ்சுக்குள் பூட்டிவைத்த நோய் அது.

நார்தர்ன் லைன் தெற்கே வந்து முடியும் இடம் மோர்டன். 1926 இல் ரயில் வந்த பிறகுதான் வயல்களாக இருந்த இடம் ஊரானது. இன்று இங்கிருந்து காலியர்ஸ் வுட், டூட்டிங், மிச்சம் வரைக்கும் தமிழர் குடியிருக்கிறார்கள். விம்பிள்டன் கணபதி கோயிலுக்கும் டூட்டிங் கடைத்தெருவுக்கும் போனால் ஊரிலிருப்பது போலத்தான். அந்தக் கூட்டத்தில் யாரிடம் காசு அடியோடு தீர்ந்துபோயிருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பராமரிப்பு வேலை என்று நம்பி முகவருக்கு லட்சக்கணக்கில் கட்டி வந்து, வந்த இடத்தில் வாரத்துக்கு ஐந்து மணி நேர வேலைகூடக் கிடைக்காதவர் இருப்பார். படிப்புப் பருவத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் உழைக்க விசா இடம்தராத மாணவர் இருப்பார். ஊரில் வீட்டை ஈடுவைத்த தகப்பனுக்கு, ‘எல்லாம் நல்லா இருக்கு அப்பா’ என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு, இரவில் பாணும் தேநீருமாகப் படுப்பவர் அவர்.

இந்தப் பொய்யை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அன்பினால் சொல்லும் பொய் அது. ஆனால் கை வறண்டவரைச் சாய்ப்பது பெரும்பாலும் அந்தப் பொய்தான். பொய்யைக் காப்பாற்ற இன்னொரு கிரெடிட் கார்ட் வேண்டும். அந்தக் கார்டைக் காப்பாற்ற ஒரு கைமாற்று வேண்டும். நம்மவர் மண்டபம் எடுத்துச் செய்யும் சாமத்தியச் சடங்குகளில் எத்தனை, வட்டிக்கு வாங்கிய காசில் நடந்தவை என்பது வீட்டுக்காரருக்கும் வங்கிக்கும் மட்டும் தெரிந்த கணக்கு. எம்மாவின் விருந்து மேசைக்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

ஆகவே முதல் வேலை, நம்பக்கூடிய ஒருவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்வது. உறவினராக இருக்க வேண்டியதில்லை. சில வேளை உறவினராக இல்லாதிருப்பதே நல்லது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலர் அந்நியர்; காசு வாங்காமல் கேட்பார், ஊருக்குச் சொல்ல மாட்டார். உயிரையே வெறுக்கும் இரவாக இருந்தால் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 116 123 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். கைபேசியில் காசு இல்லாவிட்டாலும் அந்த அழைப்பு போகும்.

அடுத்தது, கடன்களை வரிசைப்படுத்துவது. இங்கேதான் நல்ல புத்திசாலிகளும் தடுமாறுகிறார்கள். ஒரு நாளைக்கு எட்டு முறை தொலைபேசி எடுப்பது கிரெடிட் கார்ட்காரர்தான். அதனால் கையில் கிடைத்த நூறு பவுண் அங்கே போய்விடுகிறது. வீட்டுச் சொந்தக்காரர் பொறுமையாக ஒரு கடிதம் மட்டும் போடுகிறார். ஆனால் கூரையைப் பறிக்க வல்லது அந்தக் கடிதம். வாடகை, கவுன்சில் டாக்ஸ், எரிவாயு, மின்சாரம், நீதிமன்ற அபராதம் ஆகியவை முன்னே நிற்க வேண்டியவை. கட்டாவிட்டால் வீடோ வெளிச்சமோ போகும், அல்லது பெய்லிஃப் வாசலில் நிற்பார். தண்ணீர்க் கட்டணம் அப்படியல்ல; அது பாக்கி என்பதற்காக வீட்டுக் குழாயை அடைக்க 1999 முதல் இந்நாட்டுச் சட்டம் இடம்தருவதில்லை. கார்ட் கடன் பின்னே நிற்கட்டும். சத்தத்துக்குப் பயந்து கட்டுவது சிக்கனமும் அல்ல, நேர்மையும் அல்ல.

மோர்டனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், இன்று ஒரு பெரிய சாலைக்கு அடியில், மெர்டன் மடாலயத்தின் அடித்தளக் கற்கள் கிடக்கின்றன. 1236 இல் அங்கேதான் மூன்றாம் ஹென்றி மன்னரும் பிரபுக்களும் கூடி மெர்டன் சட்டத்தை ஏற்றார்கள். அதில் ஒரு விதி: தகப்பன் கடனோடு இறந்துபோனால், வாரிசு வயதுக்கு வரும்வரை அந்தக் கடனுக்கு வட்டி ஏறாது. முதல் அப்படியே இருக்கும்; வட்டி ஏறுவது மட்டும் நிற்கவேண்டும். 2021 மே 4 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள கடன் மூச்சுவிடும் காலம் ஏறக்குறைய இதே சிந்தனைதான். தகுதியுள்ள கடன் ஆலோசகர் வழியாக விண்ணப்பித்தால் 60 நாளுக்குப் பெரும்பாலான கடன்களின் வட்டியும் அபராதமும் வசூல் நடவடிக்கையும் நிறுத்தப்படும். கடன் மன்னிக்கப்படாது. நடப்பு வாடகையைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் யோசிக்க இரண்டு மாதம் கிடைக்கும். யோசிக்க நேரமில்லாதவர்தான் மீட்டர் வட்டிக்காரரிடம் போகிறார்.

அவரைப் பற்றியும் சொல்லவேண்டும். கடவுச்சீட்டையோ வங்கி அட்டையையோ தாலிக்கொடியையோ வாங்கி வைத்துக்கொண்டு, தாள் ஒன்றும் எழுதாமல் காசு தருபவர் நம் மொழி பேசுபவராகவே இருக்கலாம். அனுமதி இல்லாமல் வட்டித்தொழில் செய்வது இந்நாட்டில் குற்றம். அவரிடம் வாங்கியவர் குற்றவாளி அல்லர். நகையைத்தான் வைக்க வேண்டும் என்றால் உரிமம் பெற்ற அடகுக்கடை எவ்வளவோ மேல். ரசீது தருவார்கள், மீட்க ஆறு மாதமாவது சட்டப்படி கிடைக்கும்.

சீட்டு விஷயத்தில் என் மனமே இரண்டாகப் பிரிகிறது. மாதாமாதம் இருபது பேர் கட்டி ஒருவர் எடுக்கும் சீட்டில், முதல் ஐந்தாறு மாதத்துக்குள் காசை எடுத்தவர் பின்பு கட்ட முடியாமல் போனால், அடிபடுவது வங்கி அல்ல. அவரைப் போலவே சுத்திகரிப்பு வேலைக்கும் கடைச் சம்பளத்துக்கும் போகும் அக்காமார். சட்டத்தின் வரிசையில் சீட்டுக்காசு கடைசியில் நிற்கும். மனச்சாட்சியின் வரிசையில் முதலில் நிற்கும். என் தீர்ப்பு இது: காசு முதலில் வாடகைக்குப் போகட்டும், செய்தி முதலில் சீட்டுக்காரருக்குப் போகட்டும். ‘அக்கா, இந்த மாதம் முடியாது, வேலை போயிற்று’ என்று தவணை நாளுக்கு முன்பே சொன்னவரை நம் சனம் பொறுத்துக்கொள்கிறது. தொலைபேசியை அணைத்துவிட்டு, கோயிலுக்கு வருவதை நிறுத்துபவரைத்தான் அது மன்னிப்பதில்லை. அது சரியென்றே எனக்குப் படுகிறது.

வயிற்றுக்கு வழி இருக்கிறது, போகத்தான் கால் கூசுகிறது. டிரஸல் டிரஸ்ட் தனது முதல் உணவு வங்கியை 2000 இல் சால்ஸ்பரியில் தொடங்கியது. 2023-24 ஆம் ஆண்டில் அதன் உணவு வங்கிகள் நாடு முழுவதும் 30 லட்சத்துக்கு மேற்பட்ட பொதிகளைக் கொடுத்தன. குடும்ப மருத்துவரோ பள்ளிக்கூடமோ ஆலோசனை நிலையமோ தரும் சீட்டைக் காட்டினால் மூன்று நாளுக்கான உணவு கிடைக்கும். சைவம் என்றால் சைவம் என்று சொல்லலாம். அரிசி இருக்கும், பருப்பு தகரத்தில் இருக்கும். கறிவேப்பிலையை எதிர்பார்க்க முடியாது. ‘பொது நிதி கிடையாது’ என்ற நிபந்தனை விசாவில் உள்ளவர்கள் இதையெல்லாம் தொட்டால் விசா போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். உணவு வங்கி தர்மம். அரசின் பொது நிதி அல்ல. பிள்ளைகளின் பள்ளிப் படிப்பும் அப்படியே. 1989 ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தின் 17 ஆம் பிரிவின்படி, பட்டினியிலும் வீடின்மையிலும் அகப்பட்ட பிள்ளைக்காகக் கவுன்சில் செய்யும் உதவியும் அந்தத் தடைக்குள் வராது. யூனிவர்சல் கிரெடிட் போன்ற அரசு உதவித்தொகைகள் வரும். அவற்றைத் தொடுமுன் விசா தெரிந்த ஆலோசகரைக் கேட்டே ஆகவேண்டும். யூனிவர்சல் கிரெடிட்டுக்கு உரிமை உள்ளவர்களும் முதல் காசுக்கு ஐந்து வாரம் காத்திருக்கிறார்கள். இடையில் தரும் முற்பணம் கடன்தான், பின்பு கழிப்பார்கள். இது தெரியாமல் கழிவைக் கண்டு கலங்கியவர் பலர்.

இரப்பது இழிவு என்று வளர்ந்தவர்கள் நாம். வள்ளுவர் ‘இரவு’ என்று ஓர் அதிகாரமும், அதை ஒட்டியே ‘இரவச்சம்’ என்று இன்னோர் அதிகாரமும் வைத்தார். நாம் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டோம். கரவாமல் கொடுப்பவரிடம் கேட்பதில் குறையில்லை என்று முதல் அதிகாரத்தில் அவரே இடம்விட்டிருப்பதைப் பேசுவதில்லை.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்ற புலவர் வருகிறார். வறுமையை அவரளவுக்குக் கூச்சமில்லாமல் சொன்னவர் சிலரே. குமணன் என்ற வள்ளலிடம் பரிசில் பெற்று வீடு திரும்பியதும் மனைவியிடம் ஒன்று சொல்கிறார்: உறவினருக்குக் கொடு, நீ யாரிடமெல்லாம் அளந்து கடன் வாங்கி இந்த வீட்டை நடத்தினாயோ அவர்களுக்கும் கொடு, என்னைக் கேட்காதே. புலவர் ஊர் ஊராகப் போயிருந்த நாளில் அந்தப் பெண் அக்கம்பக்கத்தில் நாழி நாழியாக வாங்கி அடுப்பை எரித்திருக்கிறாள் என்பது அந்த ஒரு பேச்சிலிருந்தே தெரிகிறது. வாங்கியதை மறைக்கவுமில்லை, வந்ததும் திருப்புவதில் தயங்கவுமில்லை. அதே புலவர் இன்னொரு முறை, அதியமான் என்ற மன்னன் தன்னை நேரில் பாராமல் பரிசிலை மட்டும் அனுப்பியபோது, நான் வணிகன் அல்லன் என்று மறுத்துவிட்டார்.

இந்த இரண்டாவது செய்தி கொடுக்கிற நிலையில் உள்ளவர்களுக்கானது. காசு இல்லை என்று ஒருவர் வாய் திறந்துவிட்டால், ‘ஏன் இவ்வளவு செலவு செய்தாய்’ என்ற விசாரணையோடு தொடங்குபவர்கள் நம்மில் அதிகம். கொடுத்ததைப் பத்துப் பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போடுபவர்களும் உண்டு. வீட்டுக்குக் கூப்பிட்டு, இருக்கவைத்து, சோறு போட்டு, திருப்ப வேண்டுமா வேண்டாமா என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிக் கொடுப்பவர் அரிது. அந்தத் தெளிவும் கொடையில் பாதி. திருப்பித் தரவேண்டிய காசா என்று தெரியாமல் வாங்கியவர், உங்களைத் தெருவில் கண்டால் மறுபக்கம் போய்விடுவார்.

சீட்டு நடத்தும் அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். தொடங்கும் நாளிலேயே, ஒருவருக்கு வேலை போனாலோ நோய் வந்தாலோ எத்தனை மாதத் தவணையைத் தள்ளிக் கட்டலாம், அந்த இடைவெளியை மற்றவர்கள் எப்படிப் பங்கிட்டுத் தாங்குவது என்று எல்லாரையும் வைத்துப் பேசி, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவையுங்கள். அப்படி எழுதிய குழுவில் ‘முடியவில்லை’ என்று சொல்வதற்கு ஒரு பக்கமாவது இருக்கும்.