முள்ளின் முகஸ்துதி

தெரிந்து சொன்னால்தான் பொய்யா? தனக்குச் சாதகமான தவறு ஒன்றைச் சோதித்துப் பாராமலே வைத்துக்கொள்கிறவனை என்னவென்று அழைப்பது? இந்தக் கேள்வி எனக்கு வேதாந்த விசாரத்தில் எழவில்லை. ஒரு விமானக் கொட்டகையில் எழுந்தது.

அமெரிக்காவில், விஸ்கான்ஸின் மாநிலத்தில், என் சகோதரி மகன் வேலை பார்க்கிறான். அவனோடு சில வாரங்கள் தங்கியிருந்தபோது, "மாமா, பக்கத்துத் தெருப் பெரியவர் தம் கையாலேயே ஏரோப்ளேன் கட்டியிருக்கிறார், பார்க்க வருகிறீர்களா?" என்று அழைத்துப் போனான். அங்கே இது அதிசயமல்ல. இப்படிக் கட்டுகிறவர்களுக்கென்றே 1953ல் அதே மாநிலத்தில் பால் போபெரெஸ்னி ஒரு சங்கம் தொடங்கினார். 1970 முதல் அவர்கள் கோடையில் கூடும் ஊர் ஆஷ்கோஷ்.

பெரியவர் ஒன்பது ஆண்டு உழைத்துக் கட்டியது இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம். மணிக்கு 140 மைல் போகும் என்பது கணக்கு. பறந்து பார்த்தால் முள் 152 காட்டியது! ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தாராம். நானாயிருந்தால் வருஷம் முழுவதும் சொல்லியிருப்பேன். பிறகு ஓர் இரவு அவருக்குச் சுருக்கென்றது. "முள் 128 காட்டியிருந்தால் அன்று மாலையே திருகாணிகளைக் கழற்றியிருப்பேன். 152 காட்டியது, விருந்து வைத்தேன்" என்றார்.

சாலையில் வேகத்தை அளக்கச் சக்கரம் இருக்கிறது. வானத்தில் என்ன இருக்கிறது? 1732ல் ஹென்றி பிட்டோ என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் ஸேன் நதியின் ஓட்டத்தை வளைந்த கண்ணாடிக் குழாயால் அளந்தார். அந்தத் தந்திரமே இன்றும் விமானத்தில் இருக்கிறது. காற்றை எதிர்கொள்ளும் குழாய் ஒன்று. உடலின் பக்கத்தில், காற்று உரசிப் போகுமிடத்தில், ஊசிக்கண் போன்ற துளை ஒன்று. இரண்டின் அழுத்த வித்தியாசமே முள்ளில் வேகமாகத் தெரிகிறது. மணிக்கு 100 மைல் வேகம் தரும் வித்தியாசம் சுமார் ஐந்து அங்குல நீரைத் தூக்கும், அவ்வளவுதான். 50 மைலுக்கு அதில் பாதி அல்ல, கால் பங்கு. தரைக்குப் பக்கத்தில், வேகம் குறைந்து, தவறினால் மீள இடமில்லாத சமயத்தில், மனிதன் நம்பியிருப்பது ஓர் அங்குலத்துச் சொச்சம் நீரை!

பெரியவர் முதலில் முள்ளைத்தான் சந்தேகித்தார். ஒளி புகும் குழாயில் தண்ணீர் ஊற்றி, ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்த்தி, கருவியோடு இணைத்தார். அது சரியாக 100 காட்டியது. முள் நிரபராதி. பிறகு மேலே போய், காற்றோடு ஒரு தடவை, காற்றை எதிர்த்து ஒரு தடவை பறந்து, செயற்கைக்கோள் சொன்ன தரை வேகங்களின் சராசரியை எடுத்தார். உயரத்துக்கும் வெப்பத்துக்கும் கழிக்க வேண்டியதைக் கழித்தால், முள் 152 என்ற இடத்தில் உண்மை 141.

குற்றம் அந்தப் பக்கத் துளையில். அதன் அருகே காற்று கொஞ்சம் விரைந்து ஓடியதால் அழுத்தம் குறைந்து, வித்தியாசம் பெரிதாகிவிட்டது. எதிர்க் காற்றில் நிற்கும் குழாயைத்தான் எல்லோரும் கவனிக்கிறோம். தவறு பெரும்பாலும் சும்மா நிற்கும் துளையில்தான் இருக்குமாம். துளைக்குப் பின்புறம் மெல்லிய பட்டை ஒன்றை ஒட்டினார். காற்று அங்கே சற்றுத் தேங்கியது. முள் இறங்கியது.

"பதினொரு மைல் போனால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது?" என்று கேட்டேன். கதை எழுதுகிறவனுக்கு இப்படித்தான் கேட்கத் தோன்றும்.

அவர் விமானத்தின் வலப்பக்க ஆசனத்தைக் காட்டினார். அங்கே சட்டப்படி முதலில் பறந்து சோதித்து முடிக்க வேண்டும். அதன் பிறகே பயணியை ஏற்றலாம். "அது என் மனைவி உட்காரப்போகும் இடம். 65ல் இறங்குகிறோம் என்று நான் நினைக்க, நிஜத்தில் 60ல் இறங்கிக்கொண்டிருப்பேன்" என்றார். பிறகு நாங்கள் பார்க்க, விளம்பர அட்டையில் இருந்த 152ஐச் சுரண்டத் தொடங்கினார். வர்ணம் எளிதில் போகவில்லை.

ஊர் திரும்பியதும் என் மேஜையறையில் இருந்த வாசகர் கடிதக் கட்டுகள் இரண்டையும் எடுத்தேன். கண்டனக் கடிதங்களில் எல்லாம் பென்சில் கோடுகள், கேள்விக்குறிகள், ஓரத்தில் என் மறுப்புகள். பாராட்டுக் கடிதங்களில் ஒரு கோடும் இல்லை. பென்சிலைச் சீவிக்கொண்டு அந்தக் கட்டோடு உட்கார்ந்தேன். மூன்றாவது கடிதத்தோடு நிறுத்திவிட்டேன்.