ஒலி ஒரு முள்



வைசாலி மகாவனத்தில் பகவான் தங்கியிருந்த காலை, லிச்சவியர் தேர்களேறிப் பேரிரைச்சலுடன் அவரைக் காண வந்தனர். தியானத்திற்கு ஒலி முள்ளென்று கருதிய மூத்த பிக்குகள் சிலர், கோசிங்க சாலவனத்திற்கு விலகிச் சென்றனர். இதைக் கேட்ட பகவான் கடிந்தாரில்லை. "சாது, சாது" எனப் பாராட்டினார்.

இதனைப் பலமுறை படித்தும் நான் உணர்ந்தேனில்லை. ஸ்ரீவராகத்தில் ஓரில்லத்தில் நான் பேசிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி கீச்சிட்டது. நாற்பது வயதுடைய அன்பர் ஒருவர் காதுகளைப் பொத்திக்கொண்டு வெளியேறினார். "தம்மம் கேட்கப் பொறுமையில்லையோ?" என்று சபையறியக் கேட்டுவிட்டேன்.

மறுநாள் வராகர் கோயில் குளக்கரையில் அவரைக் கண்டேன். தமக்கு ஆட்டிசம் என்பதை மருத்துவர் சென்ற ஆண்டுதான் கண்டறிந்தார் என்றார். மின்விசிறியின் இரைச்சல், தாளிப்பின் நெடி, உடையின் உறுத்தல் யாவும் ஒருசேர அவரைத் தாக்குமாம். ஆற்றுக்கால் பொங்கலன்று இவ்வீதிகளில் அடுப்புகள் மூண்டு, புகையும் ஓசையும் நிறையும்போது, உள்ளறையில் கதவடைத்துக் கிடப்பாராம். "இத்தனை ஆண்டும் என்னைக் கோழையென்று நானே வெறுத்தேன், ஐயா, இப்போதுதான் என்னை அறிகிறேன்" என்றார்.

நான் தறிகளினிடையே இருபத்தைந்து ஆண்டு உழைத்தவன். அவ்வோசை என் செவியை மந்தமாக்கிற்று. மரத்த செவியைக் கொண்டு பிறர் செவியை அளந்தேன். அது என் குற்றம்.

மணிமேகலை கூறும் பன்னிரு சார்புகளில் வாயில், ஊறு, நுகர்வு என்பவை அடுத்தடுத்து நிற்கின்றன. புலனாகிய வாயிலில் பொருள் வந்து பொருந்துவது ஊறு. அதனால் எழுவது நுகர்வு. வாயில் எல்லார்க்கும் ஒரே அகலமாயிராது. ஆட்டிசம் உடையோர்க்குப் புலனுணர்ச்சி மிகுந்தோ குறைந்தோ இருத்தலை, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013-இல் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தை ஏற்றுள்ளது. இதனை முன்வினையென்று ஒதுக்குவாரும் உளர். எல்லா வேதனையும் முன்வினையால் வருவதே என்னும் கொள்கையைப் பகவான் மோலியசீவகனிடம் மறுத்தருளினார்.

அவர் சொன்ன அம்புகள் இரண்டு. முதலம்பு உடலில் தைப்பது. இரண்டாவது அதுபற்றி உள்ளம் தன்னைத்தானே எய்துகொள்வது. அவ்வன்பர்க்கு ஓசை முதலம்பு, தன்வெறுப்பு இரண்டாவது. தம்மை அறிந்ததால் இரண்டாவதை அவரே பிடுங்கினார். அவ்விடத்தில் மீண்டும் எய்தவன் நான். முதலம்பைத் தடுப்பதோ நம் அனைவர் கடமை.

ஆகவே, நம் சிறு கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வேண்டா. வாயிலருகே ஓரிருக்கை ஒழிந்திருக்கட்டும். எழுந்து செல்வோரை ஏனென்று கேளாதீர்.

அவரிடம் மன்னிப்பு வேண்டினேன். அடுத்த பௌர்ணமிக்கு வந்தார். பாதியில் எழுந்து சென்றார். சற்றுப் பின் திரும்பி வந்து அமர்ந்தார். நான் பேச்சை நிறுத்தவில்லை.

சர்வ ஜீவர்களுக்கும் மங்கலம் உண்டாவதாக!