பக்கத்தில் நிற்பவர்

செக்யூரிட்டி இரண்டு பேர் நிற்கிற வாசலில் நம் நினைவில் தங்குகிறவர் சத்தம் போடுகிறவர்தான். காய்கறி வண்டிக்காரரை விரட்டுகிறவர், டெலிவரிப் பையனின் வண்டிச் சாவியைப் பிடுங்குகிறவர், வயதான மனிதரை ‘ஏய்’ என்று கூப்பிடுகிறவர். வீட்டுக்கு வந்த பிறகும் அவரைப் பற்றியே பேசுவோம். கூட நின்ற இன்னொருவர் அந்த நேரத்தில் என்ன செய்தார் என்று கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது. ரிஜிஸ்டரைப் புரட்டியிருப்பார், அல்லது வேறு பக்கம் பார்த்திருப்பார். அந்த இன்னொருவரைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு விஷயம் இருக்கிறது.

அதற்கு முன், சத்தம் போடுகிறவருக்குச் சேர வேண்டிய நியாயத்தைக் கொடுத்துவிட வேண்டும். பன்னிரண்டு மணி நேர டூட்டி இந்தத் தொழிலில் சாதாரணம். ரிலீவர் வராத நாளில் அது அடுத்த ஷிஃப்டுக்கும் நீளும். சம்பளம் கொடுப்பது ஏஜென்சி, வேலை வாங்குவது சைட்காரர். யாரிடம் குறை சொன்னாலும் மற்றவரைக் கை காட்டுவார். 2015 ஜனவரியில் திருச்சூரில், குடியிருப்பு வளாகத்தின் கேட்டைத் திறக்கத் தாமதமாயிற்று என்று அங்கே குடியிருந்த பெரும் பணக்காரர் ஒருவர் காவலாளியைத் தன் காரால் மோதித் தாக்கினார். அடுத்த மாதம் அந்தக் காவலாளி இறந்துபோனார். தாக்கியவருக்கு மறு ஆண்டு ஆயுள் தண்டனை கிடைத்தது. வாசலில் நிற்கிற ஒருவர் இப்படி ஒரு செய்தியை நம்மைப் போலப் படித்துவிட்டு மறந்துவிட மாட்டார். ஹாரன் அடிக்கிற காரைப் பார்த்து அவரால் கோபப்பட முடியாது, சல்யூட்தான் வைக்க முடியும். விழுங்கிய கோபம் நடந்து வருகிறவர் மீதும் சைக்கிளில் வருகிறவர் மீதும் கையில் தூக்குவாளியோடு வருகிறவர் மீதும் இறங்குகிறது. அதனால் அவரை வெறும் முரடர் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் தூக்குவாளியோடு வந்து திட்டு வாங்கினவருக்கு இந்தக் காரணங்களால் என்ன ஆறுதல்?

தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் அம்மாவுக்குத் துணையாக இருந்த நாட்களில், வார்டு வாசலில் ஒப்பந்தக் காவலாளிகள் இருவரைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் இளைஞன், மற்றவர் ஐம்பதைத் தாண்டியவர். ஒரு நாள் பார்வையாளர் நேரம் முடிந்தபின் கஞ்சியோடு ஒரு மூதாட்டி வந்தார். உள்ளே போகக் கூடாது என்று சொன்ன இளைஞனின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. வாளியைப் பிடித்து இழுத்தான், கஞ்சி தரையில் சிந்தியது. பெரியவர் எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றார்.

“தம்பி, நீ போயி ஒரு டீயைக் குடிச்சுட்டு வா. அம்மாச்சிய நான் பாத்துக்கிறேன்.”

“இல்லண்ணே, இவுங்க தெனமும் இப்பிடித்தான்…”

“போயிட்டு வாப்பா.”

அவன் போன பிறகு, “எந்த பெட்டு அம்மாச்சி? யாரு படுத்திருக்கா?” என்று கேட்டார். மூதாட்டியை அவரும் உள்ளே விடவில்லை. வாளியை வாங்கி, வார்டு ஆயாம்மாவிடம் கொடுத்து அனுப்பினார். காலி வாளி திரும்பி வரும்வரை அவரை பெஞ்சில் உட்காரச் சொன்னார். விதி அப்படியே நின்றது. சத்தமும் இழுபறியும் அந்த விதிக்குத் தேவையே இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

கூட்டத்துக்கு முன்னால் அவனை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால், விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அவன் இன்னும் ஒரு படி ஏறியிருப்பான். இரவில் ஆள் நடமாட்டம் குறைந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து பேசினார். கண்டிப்பான குரல்தான். “யாராச்சும் போன்ல புடிச்சுப் போட்டா, ஏஜென்சி மொதல்ல தூக்குறது உன்னையத்தான். கை வைக்கிற வேலை நமக்குக் கெடையாது.”

அவர் சொன்னதில் சட்டமும் இருக்கிறது. சீருடை போட்ட தனியார் காவலாளிக்குப் போலீஸ் அதிகாரம் எதுவும் வந்துவிடுவதில்லை. கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத கடும் குற்றம் நடந்தால் அவரும் பிடிக்கலாம், நீங்களும் பிடிக்கலாம். பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு. தனியார் பாதுகாப்பு முகமைகளுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி விதிகள், புதிதாகச் சேருகிறவருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் வேண்டும் என்கின்றன. தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, எஃப்ஐஆர் பதியும் முறை, பொது இடத்தில் நடந்துகொள்ளும் விதம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கூட வேலை செய்கிறவர் நிதானம் இழக்கும்போது அவரை எப்படி நிறுத்துவது என்ற பாடம் அதில் இல்லை.

அந்தப் பாடம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒரு முறை வீடியோவில் பார்த்தது. 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தை ஒரு போலீஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முழங்காலால் அழுத்தியபோது, சக போலீஸ்காரர்கள் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். அவர்களில் வேலைக்குப் புதியவரான ஒருவர், கீழே கிடப்பவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கலாமா என்று இரண்டு முறை கேட்டார். மூத்தவர் மறுத்தார். கேட்டவர் அதோடு நின்றுவிட்டார். 2022 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றத்தில் அந்த மூவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. மருத்துவ உதவி செய்யாமல் விட்டது மூவர் மீதும் இருந்த குற்றம், தடுக்காமல் நின்றது இருவர் மீது கூடுதலாகச் சேர்ந்தது.

அந்தப் புதியவரைப் பற்றி நான் அடிக்கடி யோசிக்கிறேன். நடப்பது தவறு என்று அவருக்குப் பட்டிருக்கிறது. இரக்கமும் இருந்திருக்கிறது. ஆனால் அது அனுமதி கேட்கிற கேள்வியாக வெளியே வந்தது, அனுமதி கிடைக்கவில்லை. மருத்துவமனைப் பெரியவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, நடுவில் போய் நின்றார். அவருக்கு வயதின் மரியாதை துணையாக இருந்தது உண்மை. வயதும் பதவியும் இல்லாத இளையவர் எந்தத் துணையில் நிற்பார்?

இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் உளவியலாளர் எர்வின் ஸ்டௌப். ஹங்கேரியில் பிறந்த யூதர். 1944இல் புடாபெஸ்டில், சிறுவனாக இருந்த அவரும் குடும்பமும் உயிர் தப்பியதற்கு ஸ்வீடன் தூதரக அதிகாரி ராவுல் வாலன்பெர்க் ஏற்பாடு செய்த பாதுகாப்புக் கடிதங்கள் ஒரு காரணம். வேடிக்கை பார்க்கிறவர்கள் ஏன் அசையாமல் நிற்கிறார்கள், எப்போது அசைகிறார்கள் என்பதே அவர் வாழ்நாள் ஆய்வு. நியூ ஆர்லியன்ஸ் போலீஸ் அவருடைய ஆலோசனையோடு ஒரு பயிற்சியை அமைத்தது. தப்பு செய்யப் போகிற சகாவைத் தடுப்பது துரோகம் அல்ல, அவருக்குச் செய்ய வேண்டிய கடமை என்பதுதான் அதன் அடிப்படை. தடுத்தால் அடி வாங்கவிருந்தவர் பிழைக்கிறார், அடிக்கவிருந்தவரின் வேலையும் பிழைக்கிறது.

நம் ஊரில் இப்போது நடப்பது வேறு. புகார் வந்தால் ஃபீல்டு ஆபீசர் அந்த ஆளை வேறு சைட்டுக்கு மாற்றிவிடுவார். இந்த வாசலில் இருந்த கை அடுத்த வாசலில் ஓங்கும். மாற்றுகிறவர் பிரச்சினையைத் தீர்த்ததாக நினைத்துக்கொள்கிறார். எனக்கு அது கோபத்தை ஊர் விட்டு ஊர் கடத்துவதாகத்தான் படுகிறது. கூட நிற்பவருக்கோ புகார் கொடுக்கவே பயம். சாப்பாட்டைப் பகிர்ந்து, ஆத்திர அவசரத்துக்கு நூறு இருநூறு கைமாற்று வாங்கி, ராத்திரியில் ஒருவர் கண்ணயர மற்றவர் விழித்திருந்து வளர்ந்த உறவு அது. அந்த நெருக்கத்தைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? ஆனால் அந்த நெருக்கத்துக்குத்தான் கை ஓங்குகிறவரை நிறுத்தும் சக்தி இருக்கிறது. சிசிடிவி நடந்து முடிந்ததைப் பதிவு செய்யும், சூப்பர்வைசர் நடந்த பிறகு வருவார். கை உயர்கிற கணத்தில் அதை எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருப்பவர் ஒருவர்தான்.

அன்று அந்தப் பெரியவர் மூதாட்டியைக் காப்பாற்றினார் என்றுதான் முதலில் நினைத்தேன். யோசிக்க யோசிக்க, அதிகம் காப்பாற்றப்பட்டவன் அந்த இளைஞன் என்று தோன்றுகிறது. கஞ்சி சிந்தியதோடு அன்று எல்லாம் நின்றது. அவன் தள்ளி மூதாட்டி கீழே விழுந்திருந்தால், அவன் பெயர் போலீஸ் ஸ்டேஷனில் இருந்திருக்கும், ஏஜென்சி அவனைத் தெரியாது என்றிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தான் ஒரு கிழவியைத் தள்ளியவன் என்ற நினைப்போடு அவன் வாழ வேண்டியிருந்திருக்கும்.

காவலாளிகளுக்கான அந்த 160 மணி நேரப் பயிற்சியில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். செலவே இல்லாத பாடம். டூட்டி ஏறும்போது இரண்டு பேரும் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ள வேண்டும்: “எனக்குச் சூடு ஏறுச்சுன்னா என்னைய அனுப்பிரு, நான் எதுத்துப் பேச மாட்டேன்.” ஆத்திரம் வருவதற்கு முன்பே இந்தச் சம்மதம் கொடுக்கப்பட்டுவிட்டால், நேற்றுச் சேர்ந்த பையன்கூட ஐம்பது வயதுக்காரரின் தோளில் கை வைத்து, “அண்ணே, நீங்க டீ குடிச்சுட்டு வாங்க” என்று சொல்லலாம்.