வழி சொல்வது சலுகையா, கடனா?

பூந்தமல்லி டிரங்க் சாலையில் குமணன்சாவடியைக் கடந்து காலை நேரத்தில் இரண்டு வகைப் பேருந்துகள் மேற்கே போகின்றன. கல்லூரிப் பேருந்துகள் நசரத்பேட்டை, திருமழிசை, தண்டலம் என்று ஆங்காங்கே திரும்பிவிடும். கம்பெனிப் பேருந்துகள் அதே சாலையில் இன்னும் சற்று தூரம் போய் இருங்காட்டுக்கோட்டையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நிற்கும். வடக்கே அம்பத்தூர் எஸ்டேட்டும் ஆவடியும், கிழக்கே போரூரின் ஐடி வளாகங்களும் இருக்கின்றன. படிப்பும் வேலையும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. அப்படியிருந்தும் கடைசி வருட மாணவர்களிடம் கேட்டால், 'மார்க் மட்டும் போதாது, உள்ளே ஆள் தெரியணும்' என்ற பதில்தான் முதலில் வரும். அதைச் சிலர் கசப்போடு சொல்கிறார்கள், சிலர் சாமர்த்தியமாகச் சொல்கிறார்கள். யாரும் அதை ஓர் அறக் கேள்வியாக எடுத்துக்கொள்வதில்லை. தெரிந்தவர் மூலம் கிடைத்த வேலையை நானே சம்பாதித்த வேலை என்று சொல்ல முடியுமா? வேலை கிடைத்தவருக்கு, கிடைக்காமல் நிற்பவரிடம் ஏதாவது கடமை உண்டா? வேலைவாய்ப்பு முகாம், முன்னாள் மாணவர் சந்திப்பு, கேம்பஸ் இன்டர்வியூ என்று நாம் நடத்துகிறவற்றின் மதிப்பு இந்த இரண்டு கேள்விகளுக்கு நாம் தரும் பதிலைப் பொறுத்தது என்பது என் எண்ணம்.

இரண்டாவது கேள்விக்குத் தமிழ் மரபில் மிகப் பழைய பதில் ஒன்று உண்டு. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், இன்னும் பெறாதவனை வழியில் சந்தித்து, எந்த வள்ளலிடம் போகலாம், எப்படிப் போகலாம் என்று சொல்வதையே நம் முன்னோர் ஆற்றுப்படை என்ற இலக்கியத் துறையாக்கினார்கள். தொல்காப்பியப் புறத்திணையியல் கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோரைச் சொல்லி இதற்கு இலக்கணம் வகுக்கிறது. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகள். அவற்றில் ஒன்றான திருமுருகாற்றுப்படை, அருளைத் தேடும் பக்தனுக்கே வழி சொல்வதாக இந்த வடிவத்தைச் சமயத்துக்கும் கொண்டுபோனது. இவற்றில் நாம் கவனிக்க வேண்டிய செய்திகள் இரண்டு. வழி சொல்கிறவன் தன் அண்ணன் தம்பிக்குச் சொல்லவில்லை. எதிரே வந்த, பசியால் வாடிய, முன்பின் அறியாத ஒருவனுக்குச் சொல்கிறான். அவன் தருவதும் வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. எந்த நிலம் வழியாகப் போக வேண்டும், இடையில் என்ன உணவு கிடைக்கும், எந்த இடத்தில் எச்சரிக்கை வேண்டும், போகிற இடத்தில் எப்படி வரவேற்பார்கள் என்று விவரம் விவரமாகச் சொல்கிறான். பெற்றவன் பெறாதவனுக்குப் பட்டிருக்கும் கடனாகவே அந்தப் பாட்டுகள் இதைக் காட்டுகின்றன.

இது கவிஞர்களின் நல்ல மனதுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிவிட முடியாதபடி, நம் காலத்து ஆய்வு ஒன்று இதற்குத் துணை நிற்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர், பாஸ்டன் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில், தொழில்முறைப் பணிகளில் இருந்தவர்கள் எப்படி வேலை பெற்றார்கள் என்று விசாரித்து 1973 இல் கட்டுரை ஒன்று வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்துவந்தவர்கள் 16.7 சதவீதம் பேர்தான். எப்போதாவது பார்ப்பவர்கள் 55.6 சதவீதம், அரிதாகப் பார்ப்பவர்கள் 27.8 சதவீதம். கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 இல், லிங்க்ட்இன் தளத்தில் இரண்டு கோடிப் பேரிடம் ஐந்தாண்டுகள் நடந்த சோதனைகளின் முடிவு 'சயின்ஸ்' இதழில் வந்தது. அதன்படியும், வேலை மாறுவதற்கு அதிகம் உதவியது நெருங்கிய நட்பை விட, ஓரளவு பழக்கமானவர்களின் தொடர்புதான். மிக மிகக் குறைந்த பழக்கமுள்ளவர்களின் தொடர்பும் அந்த அளவுக்கு உதவவில்லை. காரணம் புரிந்துகொள்ள எளிது. நம் வீட்டாருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதான். புதிய செய்தி வேறு வட்டத்தில் இருப்பவரிடமிருந்துதான் வரும். தெருவில் எதிர்ப்பட்ட பாணனின் சொல்லுக்கு இருந்த பலமும் அதுவே.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழுகிறது, எழவும் வேண்டும். நம் நாட்டில் 'தெரிந்தவர்' என்பது பல சமயம் 'நம்மவர்' என்பதன் மாற்றுப் பெயர். சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதிகளோடு, பெயர் மட்டும் மாற்றிய விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்குக் கிடைத்த அழைப்பு, தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அதே அளவில் கிடைக்கவில்லை. மும்பை தாதர் பகுதியை ஆராய்ந்த கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும், சாதி வழித் தொடர்புகள் தலைமுறை தலைமுறையாக ஆண் பிள்ளைகளை எந்தப் படிப்புக்கும் எந்தத் தொழிலுக்கும் இழுத்துச் சென்றன என்று 2006 இல் காட்டினார்கள். மலாவியில் நடந்த இன்னோர் ஆய்வில், ஆட்களைப் பரிந்துரைக்கச் சொன்னபோது ஆண்கள் பெரும்பாலும் ஆண்களையே அனுப்பினார்கள். இவற்றையெல்லாம் அறிந்தவர், 'தொடர்பை வளர்த்துக்கொள்' என்று மாணவருக்குச் சொல்வதே அநீதிக்குத் துணைபோவது என்று வாதிட்டால், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் தேடும் முடிவு இதிலிருந்து கிடைக்காது. தொடர்புகளைப் பற்றி நாம் பேசாமல் இருந்தால் அவை மறைந்துபோவதில்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடமே தங்கிவிடுகின்றன. அப்பா வங்கி மேலாளர், சித்தப்பா ஓர் ஐடி நிறுவனத்தில் டெலிவரி ஹெட் என்றால், அந்தப் பிள்ளைக்கு வேலைவாய்ப்பு முகாம் எதுவும் தேவையில்லை. அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையே ஒரு முகாம். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குத்தான் வெளியே, பொது இடத்தில், அந்நியர்களிடமிருந்து அந்தச் செய்தி கிடைத்தாக வேண்டும்.

காலியிடம் பற்றிய செய்தி பொதுவானது என்ற எண்ணம் நம் சட்டத்துக்கும் புதிதில்லை. 1959 இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று, காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. அந்த அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. அந்த வேறுபாடு ஆழமானது. தேர்வு செய்யும் உரிமை முதலாளியிடம் இருக்கட்டும். இடம் இருக்கிறது என்ற செய்தி மறைக்கப்படக் கூடாது என்பதே அதன் அறம். தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும், மாவட்டந்தோறும் நடக்கும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களும் அந்த எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

முகாம்கள் வெறும் கூட்டம், அங்கே போய் யாருக்கு வேலை கிடைத்தது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் குலுக்கல் முறையில் ஆட்களை அழைத்து நடத்திய முகாமை ஆராய்ந்தபோது, அங்கே நேரடியாகப் பணியில் சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் வந்துபோனவர்களின் எதிர்பார்ப்பு நடைமுறைக்கு நெருங்கியது. அதற்குப் பிறகு அவர்கள் இன்னும் முனைப்பாகத் தேடினார்கள். படிப்பு குறைந்தவர்களின் வேலை நிலை உயர்ந்தது. பிலிப்பைன்ஸ் கிராமப்புறத்திலும் இதே போல, முகாமுக்குப் போனவர்கள் சில மாதங்கள் கழித்து முறைசார்ந்த வேலைகளில் கூடுதலாக இருந்தார்கள். முகாமில் கிடைத்த ஆர்டர் அதற்குக் காரணம் இல்லை, வெளியே தேடத் துணிந்ததுதான் காரணம். ஒரு மேசையின் முன்னால் நடப்பதைக் கவனித்தால் இது விளங்கும். மாணவி ஃபைலை நீட்டுகிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், எந்த வருஷம் பாஸ் அவுட், அரியர் இருக்கிறதா, நைட் ஷிஃப்ட் சம்மதமா என்று மூன்று கேள்விகளில் முடித்துவிடுகிறார். அவள் ரெஸ்யூமைக் கொடுத்துவிட்டு நகர்ந்தால் ஒரு தாள் செலவு, அவ்வளவுதான். மாறாக, இது கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா, சிடிசி என்று சொல்லும் தொகையில் பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு வரும், பாண்டு எத்தனை வருஷம், ஷிஃப்ட் முடிந்து வீடு வர கேப் உண்டா என்று அவள் கேட்டால், ஒரே பகலில் பத்து மேசைகளில் அவளுக்குக் கிடைப்பது ஒரு துறையின் வரைபடம். வேலைக்குப் போகிறவர் யாரும் இல்லாத வீட்டில் இந்தக் கேள்விகள்கூடப் பிறக்காது. முகாமுக்கு முன்னால் இவற்றைக் கற்றுத்தராத கல்லூரி, எத்தனை கம்பெனிகளை அழைத்தாலும், பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.

தெரிந்தவர் மூலம் கிடைத்த வேலை நானே சம்பாதித்ததா என்ற முதல் கேள்வியும், அப்படியானால் திறமைக்கு இடம் எங்கே என்ற மறுப்பும் இன்னும் நிற்கின்றன. வழி சொல்வதும் தராசைச் சாய்ப்பதும் இரண்டு வெவ்வேறு செயல்கள். முன்னது, இந்த இடம் காலியாக இருக்கிறது, இந்தத் திறன் கேட்கிறார்கள், இப்படித் தயாராகு என்கிறது. பின்னது, இவன் நம்ம பையன், பார்த்து எடு என்கிறது. திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என்ற அதிகாரத்தில், அன்பின் காரணமாக அறிவில்லாதவரைத் தேர்ந்தெடுப்பது எல்லா மடமையையும் கொண்டுவரும் என்று எச்சரித்தார். கொல்கத்தாவில் லோரி பீமனும் ஜெரமி மக்ரூடரும் நடத்தி 2012 இல் வெளியிட்ட சோதனை, அவர் சொன்னதைக் கண்ணெதிரே காட்டுகிறது. யாரைக் கூட்டிவந்தாலும் ஒரே தொகை என்றபோது மக்கள் உறவினர்களைக் கூட்டிவந்தார்கள். கூட்டிவந்த ஆள் நன்றாகச் செய்தால்தான் கூடுதல் தொகை என்றதும், கூட வேலை பார்த்தவர்களை அதிகம் அழைத்தார்கள். திறமையுள்ளவர்கள் திறமையுள்ளவர்களையே கொண்டுவந்தார்கள். ஆகவே தொடர்பு என்பதே திறமைக்குப் பகை என்று சொல்ல முடியாது. சொன்ன சொல்லுக்குப் பொறுப்பு ஏற்காத தொடர்புதான் பகை.

தன்மானத்தின் பெயரால் வரும் மறுப்பு எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம், ஏனென்றால் கூச்சமுள்ள நல்ல மாணவர்களை அதுதான் வீட்டிலேயே உட்கார வைக்கிறது. அறிமுகமில்லாத ஒருவரிடம் போய் வேலை பற்றிக் கேட்பது இரப்பது ஆகாதா? வள்ளல் குமணனைப் பாடிய பெருஞ்சித்திரனார் வறுமையின் எல்லையில் வாழ்ந்த சங்கப் புலவர். அவர் இன்னொரு வள்ளலான அதியமானிடம் போனபோது, அவன் அவரை நேரில் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பினான். அவர் வாங்க மறுத்தார். என் கல்வியின் அளவை அறிந்து தருவது தினையளவாக இருந்தாலும் இனிது, பாராமல் தருவதை வாங்கிப்போக நான் வியாபாரி அல்ல என்பது அவர் பாடலின் கருத்து. அவர் வழி தேடிப் போகக் கூசவில்லை. தன்னை மதிப்பிடாமல் தந்த பொருளுக்குத்தான் கூசினார். தன்மானம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எல்லைக்கோடு எனக்குத் தெரியவில்லை. என்னைச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்பவன் இரப்பவன் ஆக மாட்டான். சோதிக்காமலே கொடுங்கள் என்று கேட்பவனுக்குத்தான் அந்தப் பெயர்.

பழக்கத்தை லாபத்துக்காக வளர்ப்பது நட்பைக் கெடுக்கும் என்று சொல்வோருக்கும் வள்ளுவரே துணை. கிடைக்கும் பயனை எடைபோடும் நட்பை அவர் கள்வரோடு சேர்த்து வைத்தார். அந்தக் கண்டிப்பை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் தொழில் பற்றி விசாரிக்க வந்தவர் தன்னை நண்பன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. காரணத்தை வெளிப்படையாகச் சொல்லித்தான் வருகிறார். ஏமாற்று அங்கே இல்லை. நட்பின் வேடம் போட்டுப் பழகும்போதுதான் அது நுழைகிறது. இந்த உறவுக்கு வேண்டிய அறங்கள் வேறு: பதில் சொல்கிறவர் உண்மை சொல்ல வேண்டும், கேட்டவர் நாளை இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும். குமணனிடம் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார், சுற்றத்தார், கடன் தந்தவர் என்றில்லாமல் எல்லோருக்கும் கொடு, என்னைக்கூடக் கேட்காதே என்று தன் மனைவியிடம் சொன்னார். வேலை பெற்ற முன்னாள் மாணவரிடம் அவ்வளவுகூட எதிர்பார்க்க வேண்டாம். வருடத்தில் ஒரு சனிக்கிழமை தன் கல்லூரிக்குப் போய், வகுப்பில் பேசத் தயங்கிப் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களையும் அழைத்து, நைட் ஷிஃப்ட் எப்படி இருக்கும், முதல் ஆறு மாதத்தில் எதில் தடுமாறுவார்கள், எந்த மாதிரி ஆர்டரில் கையெழுத்துப் போடக் கூடாது என்று அவர் சொல்லட்டும். குறிப்பாகப் பெண்கள் போய்ப் பேச வேண்டும். இரவுப் பணிக்கு மகளை அனுப்பத் தயங்கும் தாய்க்கு, அதே வேலையில் இருக்கும் இன்னொரு வீட்டுப் பெண் சொல்லும் பதில் எந்த எச்ஆர் அதிகாரியின் உறுதிமொழியை விடவும் பெரியது. கல்லூரிகளும் அந்த மேடையைப் புகழ்பெற்ற ஒரு முன்னாள் மாணவருக்கு மட்டும் தராமல், அம்பத்தூரில் தர ஆய்வாளராக இருப்பவருக்கும், ஸ்ரீபெரும்புதூரில் லைன் சூப்பர்வைசராக இருப்பவருக்கும், மூன்று முறை நிராகரிக்கப்பட்டு நான்காவது முறை சேர்ந்தவருக்கும் தர வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் போகப்போவது அவர்கள் போன வழியில்தான்.