பைலட் ஏறினாலும் கேப்டன்தான்

சடையங்குப்பத்துக்கு வடகிழக்கே, எண்ணூர் கழிமுகத்தைத் தாண்டினால் காமராஜர் துறைமுகம். உள்ளே வரும் கப்பலில் பைலட் ஒருவர் ஏறிக்கொள்வார். உள்ளூர் ஆழம், நீரோட்டம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் சொல்கிறபடி கப்பல் திரும்பும். எங்கேயாவது இடித்துவிட்டால், 'பைலட் சொன்னாருங்க' என்று கேப்டன் கையை உதற முடியாது. கப்பல் அவர் பொறுப்பு. கடல் மரபு இது.

2021-ல் கிட்ஹப் அறிமுகப்படுத்திய, புரோகிராம் எழுதித் தரும் ஏஐ உதவியாளருக்குப் பெயர் கோபைலட். பெயரில் பணிவு இருக்கிறது. நாம்தான் கேப்டன் நாற்காலியைக் காலி பண்ணிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம்.

2025-ல் எம்.இ.டி.ஆர். என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 16 தேர்ந்த புரோகிராமர்களைச் சோதித்தது. ஏஐ துணையால் 20 சதவீதம் வேகம் கூடியதாக அவர்கள் நம்பினார்கள். கடிகாரம் காட்டியதோ 19 சதவீதம் தாமதம். கருவிகள் அதற்கப்புறம் முன்னேறிவிட்டன. தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிற மனசு அப்படியேதான் இருக்கிறது.

சடையங்குப்பத்துப் பையன் ஒருவன், ஆற்றில் தண்ணீர் ஏறினால் ஊருக்கு எஸ்எம்எஸ் அனுப்ப ஒரு புரோகிராம் செய்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஐ 2 நிமிஷத்தில் எழுதித் தருகிறது. சென்சார் மீட்டரில் சொல்வதை அடி என்று எடுத்துக்கொள்ளும் ஒரு வரி உள்ளே பதுங்கியிருக்கிறது. டெஸ்ட்டும் ஏஐ எழுதியதுதான், பாஸ். ராத்திரி இடுப்பளவு தண்ணியில் நிற்கும் ஆயாவிடம், 'நான் எழுதல ஆயா, ஏஐ எழுதிச்சு' என்பானா?

'அடுத்தவர் எழுதின லைப்ரரியைப் படிக்காமல்தானே இத்தனை நாள் உபயோகித்தோம்?' என்பீர்கள். சரிதான். ஆனால் அது ஆயிரம் பேர் கைபட்டுத் தேய்ந்தது. இது உங்களுக்காக இப்போதுதான் பிறந்த வரி. முதலில் படிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

ஏஐ வேண்டாம் என்று சொல்லவில்லை. பைலட் இல்லாமல் துறைமுகத்துக்குள் வருவது வீரம் அல்ல. ஏன் அப்படி எழுதியிருக்கிறது என்று ஆயாவுக்குப் புரிகிற மாதிரி உங்களால் சொல்ல முடிந்தால் அனுப்புங்கள். முடியாவிட்டால், இன்னொரு தடவை படியுங்கள்.