உண்பவரும் அறுப்பவரும்

யாழ்ப்பாணக் கிராமங்களிற் 'பங்கு இறைச்சி' என்றொரு வழக்கம் உண்டு. அயலவர் சிலர் கூடி ஒரு கிடாயை விலைபேசி வாங்குவர். வளவொன்றில், மரநிழலிலே அதனை அறுத்து, தசை, எலும்பு, ஈரல், குடல், கொழுப்பு யாவும் எல்லாப் பங்கிலும் விழுமாறு ஓலையிற் கூறுபோடுவர். ஆடு எவர் வீட்டில் வளர்ந்தது, எதைத் தின்றது, நோயுற்றிருந்ததா என்பனவெல்லாம் வாங்குவோர் அறிந்தவை. நல்ல இறைச்சி எங்கே கிடைக்கும் என்ற வினா அங்கு எழுவதேயில்லை. நகரத்திலோ அவ்வினாவுக்கு விடையாகக் கடைக்காரர் ஒருவரையே சுட்டுகிறோம். அவரிடம் வாங்கு, ஏமாற்றமாட்டார் என்கிறோம். இறைச்சியின் தரமென நாம் கூறுவதிற் பெரும்பகுதி, பதில் சொல்லவல்ல ஒரு மனிதர்மீது கொண்ட நம்பிக்கையே எனலாம்.

ஆயின் அம்மனிதருக்கு நாம் அளிக்கும் மதிப்பு யாது? 1893 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமொன்று அவர் தொழிலுக்கு அனுமதிப்பத்திரத்தை விதித்தது. மதிப்பை எச்சட்டமும் விதிக்க இயலாது. கத்தி அவர் கையில் இருத்தலால் பாவமும் அவருடையதே என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. வள்ளுவர் இதனை ஏற்றாரல்லர். தின்பார் இல்லையேல் விற்பாரும் இலர் என்பது புலான்மறுத்தல் அதிகாரத்தில் அவர் காட்டும் நியாயம். அவ்வதிகாரம் துறவறவியலில் அமைந்தமையால் இல்லறத்தாரைக் கட்டுப்படுத்தாது என்பாருமுளர். விலைகொடுத்து ஊன் வாங்குபவன் இல்லறத்தானேயன்றித் துறவி அல்லனே!

தனக்கெனக் கொல்லப்பட்டதாகக் காணாத, கேளாத, ஐயுறாத ஊனைப் பிக்கு ஏற்கலாம் என்கிறது பௌத்த விநயம். பாத்திரத்தில் இட்டதை உண்பவருக்கு அவ்விதி பொருந்தும். ஒரு கிலோ நிறுத்துத் தா என்பவர் அதன் நிழலில் ஒதுங்குதல் தகாது.

இவ்வொதுக்கம் தனிமனிதருக்கு மட்டும் உரியதன்று. 2020 செப்டெம்பரில் இலங்கை அமைச்சரவை மாடறுப்பைத் தடைசெய்ய இணங்கியபோது, உண்போருக்கென மாட்டிறைச்சியை இறக்குமதி செய்யவும் இணங்கியது. வேளாண்மைக்கு மாடுகள் போதாமை காரணமாகக் கூறப்பட்டது. அதனைப் பொருளாதார நியாயமாக ஒப்புக்கொள்ளலாம். எனினும் அம்முடிவை உயிர்க்கருணையென்று போற்றியோரை ஒன்று வினவத் தோன்றுகிறது: கடலுக்கு அப்பாலுள்ள மாட்டுக்கு உயிரில்லையா?

யானும் ஊன் உண்பவனே. ஆதலின் பிறரைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை. சிறுவயதிற் பங்குக்கு அனுப்பப்படும் வேளைகளில், ஆட்டைப் பிடிக்கும்போது வேலிக்கு அப்பாற் போய் நின்றுகொள்வேன். கூறுபோட்டு முடிந்ததும் முதலாளாக வந்து நிற்பேன். அறுத்தவர் ஒருநாள், "தம்பி, பிடிக்கிற நேரம் ஆளைக் காணேல்லை, பங்குக்கு மட்டும் முன்னுக்கு நிக்கிறீர்" என்று சிரித்தார். அன்று எங்கள் பங்கில் ஈரல் சற்றுக் கூடுதலாகவே இருந்தது.