பேரேடும் புனைபெயரும்

எப்போதாவது எழுதுகிறவனை ஒரு கேள்வி விடாது: எழுதுகிற நான் யார்? ரேஷன் கார்டில் இருப்பவனா? க.நா.சு. கவிதைக்கு மட்டும் மயன் ஆனார். திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் கற்பித்த டி.கே. துரைஸ்வாமி நகுலன், அவர் நாவல்களில் நவீனன் என்று இன்னொருவர். வசதிக்குச் சூடிய பெயர்கள் என்று இவற்றைத் தள்ளிவிட முடியவில்லை.

லிஸ்பனில் வியாபாரக் கடிதங்களை மொழிபெயர்த்துப் பிழைத்தவர் பெர்னாண்டோ பெஸோவா. கெய்ரோ, ரெய்ஸ், காம்போஸ் என்று தனித்தனி நடையும் ஜாதகமும் கொண்ட கவிஞர்களைத் தமக்குள் உண்டாக்கினார். (ஜாதகம் என்பது அலங்காரமல்ல, கணித்தே வைத்தார்.) ஆனால் அன்றாடத்தைப் பற்றிய வசனத்துக்கு வந்தபோது கிடைத்தவன் பெர்னார்டோ ஸோரெஸ், ஒரு கணக்கு குமாஸ்தா, ஏறத்தாழ அவரேதான். பெஸோவா இறந்தது 1935இல். ஸோரெஸின் குறிப்புகள் நூலானது 1982இல்.

அன்றாடத்திலிருந்து தப்ப ஒரு பெயரைத் தேடுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை. ஸோரெஸ் அப்படித் தப்பவில்லை. பேரேடு, முதலாளி வாஸ்க்கெஸ், அலுவலகத் தெரு எல்லாம் அவன் வாக்கியங்களுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. மின்கட்டண வரிசையில் நின்றவனே வந்து எழுதட்டும். என்ன பெயரில் கையெழுத்திடுவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.